கெய்லி இசைக்குழுவை விருந்துக்கு அமர்த்துவது எப்படி: மண்டபம் பார்ப்பதிலிருந்து கடைசிப் பாட்டு வரை

ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கோ அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கோ போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் மேசைகளை ஓரமாகத் தள்ளுவார்கள். மூலையில் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியமும், ஃபிடில் என்று இங்கே அழைக்கும் வயலினும், டிரம்ஸும் தயாராக இருக்கும். ஒருவர் மைக்கைப் பிடித்து, "ஜோடி ஜோடியாக வந்து வட்டமாக நில்லுங்கள்" என்பார். பத்தே நிமிடத்தில் மணமகளின் பாட்டியும் மாப்பிள்ளையின் அலுவலக நண்பனும் கைகோத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அதுதான் கெய்லி.

ceilidh என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் வேறு எப்படியோ படிக்கத் தோன்றும், உச்சரிப்பு 'கெய்லி'தான். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அதற்கு 'ஒருவர் வீட்டுக்குப் போய் வருவது' என்று பொருள். மாலையில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடிக் கதையும் பாட்டுமாகப் பொழுதைக் கழித்ததற்குத்தான் அந்தப் பெயர் முதலில் இருந்தது. கூட்டாக ஆடும் நடன மாலை என்ற பொருள் பிற்பாடு அதோடு ஒட்டிக்கொண்டது. அயர்லாந்திலும் இதே சொல் உண்டு. இங்கிலாந்தில் கிராம மண்டபங்களிலும் பள்ளிகளிலும் இதையே பெரும்பாலும் 'பார்ன் டான்ஸ்' என்பார்கள். அங்கே வைக்கோல் கட்டுகளை இருக்கையாகப் போடுவதும் உண்டு. ஆட்டங்கள் கொஞ்சம் வேறு, இசை கொஞ்சம் வேறு. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: ஆடத் தெரியாதவர்களும் ஆடலாம்.

பிரிட்டனில் இருக்கும் நம் குடும்பங்களில் கலப்புத் திருமணங்கள் நடக்கின்றன. பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு ஸ்காட்டிஷ் என்று வரும்போது, கெய்லிக்குக் குழுவை எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி நம் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு முறை வந்து, குழு பிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அதன்பிறகு நண்பர்கள் சிலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். அப்படிக் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

எதை அமர்த்துகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

மெல்லிசைக் குழுவை அமர்த்தும்போது "என்னென்ன பாட்டு வாசிப்பீர்கள்?" என்று கேட்போம். கெய்லியில் அந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்பில்லை. இங்கே விருந்தினர்தான் நிகழ்ச்சி. குழுவின் வேலை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி, தெரியாத ஒரு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, அவர் தப்பாக ஆடினாலும் சிரித்துக்கொண்டே முடிக்க வைப்பது. அதனால் நேரடி இசை இங்கே ஆடம்பரச் செலவு இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த இசை எட்டு எட்டுத் தாளக்கட்டுகளாக அமைந்தது. நான்கு எட்டு சேர்ந்தால் முப்பத்திரண்டு. பல ஆட்டங்கள் இந்த முப்பத்திரண்டில் ஒரு சுற்று முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அறையில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், எந்த வரிசை பின்தங்கிவிட்டது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் இன்னும் ஒரு சுற்று வாசிப்பதா, இத்தோடு நிறுத்துவதா என்று குழு முடிவு செய்யும். வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. பாப் பாடல்கள் வாசிக்கும் குழு "நடுவில் ரெண்டு கெய்லி போட்டுத் தருகிறோம்" என்று சொன்னால், ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கப் போவது யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த இரண்டு ஆட்டமும் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான்.

மண்டபம்: குழுவைத் தேடும் முன்பே பார்க்க வேண்டியது

பலர் மண்டபத்தை அழகு பார்த்து எடுத்துவிட்டு, பிறகு குழுவைத் தேடுகிறார்கள். கெய்லி வேண்டும் என்று முடிவு செய்தால், தரையிலிருந்து தொடங்குங்கள்.

எட்டுப் பேர் நான்கு ஜோடிகளாகச் சதுரமாக நின்று ஆட, குறைந்தது நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் வேண்டும் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். நாற்பத்தெட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆடினால் ஆறு சதுரங்கள். சுமார் நூறு சதுர மீட்டர் வெற்றிடம். இப்போது ஓட்டல்களில் விரித்துத் தரும் தற்காலிக ஆட்டத் தரையை நினைத்துப் பாருங்கள். பதினைந்தடிக்குப் பதினைந்தடி என்றால் அதில் ஒரே ஒரு சதுரம்தான் நிற்கும். "எங்களிடம் டான்ஸ் ஃப்ளோர் இருக்கிறது" என்று ஓட்டல்காரர் சொல்வதோடு திருப்தி அடையாதீர்கள். நீள அகலத்தைக் கேளுங்கள். சாப்பாட்டு மேசைகளை எப்போது, யார் நகர்த்துவார்கள் என்பதையும் கேளுங்கள். அதே இடத்தில்தான் சாப்பாடும் என்றால் அந்த மாற்றத்துக்கே அரை மணி நேரம் போகும்.

மரத்தரை சிறந்தது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பழைய மரத்தரை இருந்தால் பாக்கியம், முழங்கால் நன்றி சொல்லும். கான்கிரீட்டின் மேல் ஓடு பதித்த தரை கடினம், ஈரம் பட்டால் வழுக்கும். கம்பளத்தில் கால் சுழலாது, கணுக்கால் மட்டும் திரும்பும். புல்வெளியில் கூடாரம் போட்டு வெறும் பாயை விரித்து ஆடவிட்டால் ஒரு மணி நேரத்தில் பாய் மடிந்து யாராவது தடுக்கி விழுவார்கள். கூடாரம் என்றால் கெட்டியான பலகைத் தரைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். அறை நடுவில் தூண் இருந்தால் நீள வரிசை ஆட்டங்கள் சிக்கலாகும். முன்கூட்டியே சொன்னால் குழு அதற்கேற்ற ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும்.

அடுத்தது, பலரும் முதலில் கேட்க மறக்கும் விஷயம்: ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவி. பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று பிரிட்டனின் பல மண்டபங்களில் இதைப் பொருத்தியிருப்பார்கள். சத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிச் சில வினாடிகள் நீடித்தால் மேடை பிளக்குகளுக்கு மின்சாரத்தையே வெட்டிவிடும். நான் போன ஒரு விருந்தில், வேகமான ஆட்டத்தின் உச்சத்தில் கூட்டம் போட்ட ஆரவாரத்துக்கே மின்சாரம் போய்விட்டது. கீபோர்டும் மைக்கும் அணைந்தன. அக்கார்டியனும் ஃபிடிலும் மட்டும் நிற்காமல் வாசித்தன, ஆடியவர்களும் நிற்கவில்லை. அது குழுவின் திறமை. எல்லாக் குழுவிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. மண்டபத்தில் அந்தக் கருவி இருக்கிறதா, எத்தனை டெசிபெலில் வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக் குழுவுக்கு அனுப்புங்கள். டிரம்ஸ் இல்லாமல் வருகிறோம் என்றோ, மெல்லிய குச்சிகளால் வாசிக்கிறோம் என்றோ அவர்களே வழி சொல்வார்கள்.

இவை தவிர: வண்டியை வாசல் அருகே நிறுத்தலாமா, மாடி என்றால் லிஃப்ட் உண்டா, குழு உட்காரும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, இசை எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்.

எத்தனை பேர், என்ன வாத்தியம்

அக்கார்டியன்தான் ஸ்காட்டிஷ் நடன இசையின் முதுகெலும்பு. 1908-இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பிறந்த ஜிம்மி ஷாண்ட் என்ற அக்கார்டியன் கலைஞரின் குழு வாசித்த முறை, அடுத்தடுத்து வந்த குழுக்கள் பலவற்றுக்கும் அளவுகோலானது. 1999-இல் அவருக்கு 'சர்' பட்டமும் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஃபிடில், அக்கார்டியன், கீபோர்டு, டிரம்ஸ் என்ற சேர்க்கையை எங்கும் பார்க்கலாம். இங்கிலாந்துக் குழுக்களில் மெலோடியன் என்ற சிறிய பொத்தான் அக்கார்டியனும் கிட்டாரும் அதிகம். தாளம் கொஞ்சம் நிதானமாக, கனமாக விழும்.

ஐம்பது அறுபது பேர் கூடும் கிராம மண்டபத்துக்கு மூன்று பேர் தாராளமாகப் போதும். நூறைத் தாண்டினால் நான்கைந்து பேரும் டிரம்ஸும் இருந்தால் அறை நிறையும். ஏழெட்டுப் பேர் பெரிய அறைக்கு அழகு, ஆனால் கட்டாயம் இல்லை. பணம் குறைவு என்றால் வாத்தியத்தைக் குறையுங்கள். ஆட்டம் சொல்லித் தருபவரை மட்டும் குறைக்காதீர்கள்.

காற்றுப் பையை அழுத்தி வாசிக்கும் பேக்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்காட்டிஷ் குழு என்றால் அதுவும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வராது. அதன் சத்தமும் சுருதியும் மற்ற வாத்தியங்களோடு எளிதில் சேராது. மணமக்களை வரவேற்க, பேக்பைப் வாசிக்கும் பைப்பர் வேண்டுமென்றால் அவரைத் தனியாக அமர்த்த வேண்டும்.

காலர்: உங்கள் மாலையைத் தீர்மானிப்பவர்

ஆட்டத்தை விளக்கி, நடத்திக் காட்டி, இசை ஓடும்போது அடுத்த அசைவைக் கூவிச் சொல்பவரைக் 'காலர்' என்கிறார்கள். சில குழுக்களில் அக்கார்டியன்காரரே இதையும் செய்வார். சில குழுக்களுக்குத் தனியாக ஒருவர் வருவார். புதியவர்கள் அதிகம் இருக்கும் கூட்டத்துக்குத் தனிக் காலரையே நான் பரிந்துரைப்பேன். கையில் வாத்தியம் இல்லாததால் அவரால் தரைக்கு இறங்கி வந்து, குழம்பி நிற்கும் ஜோடியைத் தோளைத் தொட்டுத் திருப்பிவிட முடியும்.

நல்ல காலரை எப்படி அடையாளம் காண்பது? அவர் குறைவாகப் பேசுவார். ஆட்டத்தை ஒரு முறை, அதிகம் போனால் இரு முறை, மெதுவாக நடத்திக் காட்டுவார். மூன்றாம் முறைக்குள் இசை தொடங்கியிருக்கும். ஐந்து நிமிட விளக்கம் கேட்டு நிற்கும் கூட்டம் கலைந்துபோகும், திரும்ப வராது. யாராவது தப்பு செய்தால் மைக்கில் சுட்டிக் காட்டமாட்டார். எல்லோருக்கும் பழகிய பிறகு கூவுவதை நிறுத்திவிட்டு இசையைப் பேசவிடுவார்.

காணொளி பார்ப்பதைவிட நேரில் பார்ப்பது மேல். டிக்கெட் வாங்கி யாரும் போகக்கூடிய பொது கெய்லிகள் எடின்பரோ, கிளாஸ்கோவில் நடக்கின்றன. லண்டனில் கேம்டன் பக்கம் சிசில் ஷார்ப் ஹவுஸ் என்று நாட்டுப்புற நடனத்துக்கென்றே 1930-இல் திறந்த கட்டடம் இருக்கிறது. ஒரு மாலை போய் ஆடிவிட்டு வாருங்கள். எந்த ஆட்டம் உங்கள் அத்தைக்குச் சரிவரும், எது வராது என்று உங்கள் கால்களே சொல்லிவிடும்.

பேசும்போது நான் கேட்கும் கேள்விகள் இவை. விருந்தினரில் முக்கால்வாசிப் பேருக்கு இது முதல் முறை என்றால் எந்த ஆட்டத்தில் தொடங்குவீர்கள்? குழந்தைகள் வந்தால் என்ன செய்வீர்கள்? சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால்? தரையில் ஆறு பேர் மட்டும் வந்து நின்றால்? அப்புறம், ஆண், பெண் என்று பிரிக்காமல் 'இடப்பக்கம் நிற்பவர், வலப்பக்கம் நிற்பவர்' என்று சொல்லி நடத்துவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி நம் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும். அக்காவும் தங்கையும் ஜோடியாக நிற்கலாம், மாமாவும் மருமகனும் நிற்கலாம்; வேற்று ஆணின் கையைப் பிடிக்கத் தயங்கும் பெரியம்மாவும் தயக்கமில்லாமல் இறங்குவார். இந்தக் கேள்விகளுக்கு உடனே உற்சாகமாகப் பதில் சொல்பவர் அனுபவசாலி. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால் அடுத்தவரிடம் போங்கள்.

எப்போது பதிவு செய்வது, எவ்வளவு ஆகும்

கோடைச் சனிக்கிழமை என்றால் ஒரு வருடம் முன்பே பேசிவிடுங்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் நினைவாக ஜனவரி 25 பர்ன்ஸ் நைட், நவம்பர் 30 செயின்ட் ஆண்ட்ரூஸ் தினம், ஹாக்மனே என்று ஸ்காட்லாந்தில் சொல்லும் டிசம்பர் 31 புத்தாண்டு இரவு: இந்த மூன்றையும் ஒட்டிய நாட்களில் நல்ல குழு கிடைப்பது கடினம். புத்தாண்டு இரவுக்குக் கட்டணமும் எகிறும். வெள்ளிக்கிழமையோ ஞாயிறோ வைத்துக்கொள்ள முடிந்தால் பேரம் பேச இடம் இருக்கும்.

கட்டணம் சில நூறு பவுண்டில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகும். ஆட்களின் எண்ணிக்கை, தூரம், நாள் மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். இரண்டு மணி நேர வாசிப்புக்கு இவ்வளவா என்று தோன்றினால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கரைக்கு வீட்டிலிருந்து கிளம்பி, சாமான் இறக்கி, ஒலி சரிபார்த்து, வாசித்து, மூட்டை கட்டி வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். ஐந்து பேரின் எட்டு மணி நேரத்துக்கான கூலி அது. ஏஜென்சி வழியாகப் போனால் அவர்கள் பங்கும் அதில் சேரும். ஆனால் அக்கார்டியன்காரருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் தேடும் தலைவலி உங்களுக்கு இல்லை.

வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் வாங்குங்கள். நாள், முழு முகவரி, வந்து சேரும் நேரம், தொடங்கும் முடியும் நேரம், எத்தனை பேர், காலர் உண்டா, ஒலிக்கருவிகள் யாருடையவை, பயணச் செலவு சேர்ந்ததா, முன்பணம், ரத்து செய்தால் என்ன ஆகும், நேரம் நீண்டால் கூடுதல் எவ்வளவு. இசைக் கலைஞர்களின் சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியன் இதற்கு மாதிரி ஒப்பந்தங்கள் வைத்திருக்கிறது. பல குழுக்கள் அதையே பயன்படுத்தும். பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் மின்கருவிகளைப் பரிசோதித்த சான்றும் மண்டபம் கேட்கலாம். குழுவிடம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பள்ளிக்கோ கோயிலுக்கோ நிதி திரட்டுகிறீர்கள், மது விற்கப் போகிறீர்கள், மண்டபத்துக்கு உரிமம் இல்லை என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளூராட்சியிடம் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு, 499 பேர் வரைதான் கூடலாம், பொதுவாகக் குறைந்தது பத்து வேலை நாள் முன்பாகக் கொடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. அங்கே உரிமக் குழுவிடம் தனி அனுமதி கேட்க வேண்டும்.

மாலையின் நேரக் கணக்கு

விளக்கமும் ஆட்டமும் ஓய்வும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆட்டம். ஒரே மூச்சில் ஓட்டாமல், ஒரு மணி நேரம் ஆட்டம், நடுவில் சிற்றுண்டி, மறுபடி ஒரு மணி நேரம் அல்லது சற்று அதிகம் என்று பிரியுங்கள். ஏழரைக்குத் தொடக்கம், எட்டரைக்கு இடைவேளை, ஒன்பதேகாலுக்கு இரண்டாம் பகுதி, பத்தரைக்கு முடிவு என்பது நல்ல அமைப்பு. அதற்குப் பிறகு டிஜே வைத்துத் தமிழ்ப் பாட்டு போட்டால் கூட்டம் ஏற்கெனவே சூடாகியிருக்கும்.

முதல் பகுதிக்கு முன்னால் கனமான சாப்பாடு வேண்டாம். பிரியாணி சாப்பிட்டவரைச் சுற்றச் சொல்வது கொடுமை. சாதாரணச் சாப்பாட்டுக்குப் பிறகும் முக்கால் மணி நேரம் விடுங்கள்.

நம் பக்க விழாக்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஏழு மணி என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு எட்டரைக்கு மணமக்கள் வந்தால், குழு பத்தரைக்குத்தான் முடிக்கும். நீங்கள் இழப்பது ஒன்றரை மணி நேர ஆட்டம். பேச்சாளர்களின் பட்டியலை முன்பே சுருக்கிவிடுங்கள். குழுவிடம் நிலவரம் சொல்ல உங்கள் வீட்டில் ஒரே ஒருவரை நியமியுங்கள். மாமா ஒன்று, சித்தப்பா ஒன்று என்று சொல்லக் கூடாது.

எந்தெந்த ஆட்டங்கள்

தேர்வைக் காலரிடம் விட்டுவிடலாம். ஆனாலும் சிலவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் பேச்சு எளிதாகும்.

'கே கார்டன்ஸ்' ஸ்காட்லாந்தில் வழக்கமான முதல் ஆட்டம். பெயர் கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவிலிருந்து வந்தது. ஜோடிகள் வட்டமாக நின்று முன்னே நான்கடி, திரும்பிப் பின்னே நான்கடி, பிறகு ஒரு சுழற்சி. நடக்கத் தெரிந்தால் ஆடலாம். 'டேஷிங் ஒயிட் சார்ஜென்ட்' மூன்று பேர் எதிரே மூன்று பேர். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த மூவரிடம் நகர்ந்துபோவார்கள். கோலாட்டத்தில் ஜோடி மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஜோடி இல்லாமல் வந்தவர், கூச்சப்படுபவர் எல்லோரையும் மூவரில் ஒருவராக நுழைத்துவிடலாம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

'ஸ்ட்ரிப் தி வில்லோ' வேகமானது. ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளில் ஆடும் அதன் வடிவத்தில் அறை நீளத்துக்கு இரண்டு வரிசை நின்று, ஜோடிகள் ஒவ்வொருவராகச் சுழன்றுகொண்டே வரிசை முழுக்கக் கீழே இறங்குவார்கள். இரவின் உச்சம் அதுதான், கையில் அடிபடுவதும் அதில்தான். விரலைப் பிடித்து இழுக்காமல் முழங்கையைக் கோத்துச் சுற்றச் சொல்லிக் காலர் வலியுறுத்த வேண்டும். இதை முதல் பகுதியில் வைக்க விடாதீர்கள். நடுநடுவே 'செயின்ட் பெர்னார்ட்ஸ் வால்ட்ஸ்' போல மெதுவான ஒன்று வந்தால் பெரியவர்களுக்கும் பங்கு கிடைக்கும். இங்கிலாந்துக் குழு என்றால் 'சர்க்காசியன் சர்க்கிள்', 'கம்பர்லாந்து ஸ்கொயர் எய்ட்' இரண்டையும் எதிர்பார்க்கலாம்.

விருந்தினருக்கு என்ன சொல்வது

அழைப்பிதழிலேயே "கெய்லி உண்டு, தட்டையான செருப்பு கொண்டு வாருங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். சேலையில் ஆட முடியும். கொசுவத்தைக் கெட்டியாகப் பின் செய்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டால் போதும். ஆனால் கண்ணாடி வளையலைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். மேல் கோட்டைக் கழற்றிவைக்க இடம், சன்னலைத் திறக்க வசதி, தரைக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் கூஜா. குளிர் நாட்டில்கூட இரண்டாவது ஆட்டத்துக்குள் வேர்த்துக் கொட்டும்.

முதல் ஆட்டத்துக்கு யார் இறங்குவார்கள் என்பதை விதியிடம் விடாதீர்கள். வெட்கப்படாத எட்டுப் பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மணமக்கள் முதலில் நின்றால் இன்னும் நல்லது.

குழுவுக்குச் சூடான சாப்பாடும், சாமான் வைக்க ஒரு அறையும் கொடுங்கள். அவர்களில் சைவம் சாப்பிடுபவர் உண்டா, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேளுங்கள். மீதித் தொகையை அன்று ரொக்கமாகக் கொடுப்பதாக இருந்தால் உறையில் போட்டு அந்த ஒரு பொறுப்பாளரிடம் கொடுத்து வையுங்கள். இடைவேளையில் கொடுத்துவிட்டால் நள்ளிரவில் தேட வேண்டியதில்லை.

முடிவில் ராபர்ட் பர்ன்ஸின் 'ஆல்ட் லாங் சைன்' என்ற பாட்டு வரும். எல்லோரும் பெரிய வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள். பலரும் தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்காகப் போட்டுவிடுகிறார்கள். நட்புக்குக் கை நீட்டும் வரி வருகிற கடைசிப் பத்தியில்தான் அப்படிச் செய்வது வழக்கம். மணமக்களை வட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள். இசை நின்ற பிறகு சாமான் கட்ட குழுவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும், அதுவரை மண்டபத்து விளக்கை அணைக்க வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.